கொண்டோவ யார் பார்த்துக்கணும், சம்பளத்துக்கு வர்ற ஆளா நம்ம கமிட்டியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருக்குறது கோலாலம்பூர் ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு பழைய கொண்டோல. நாலு வருசம் கமிட்டில இருந்தேன், அதுல ரெண்டு தவணை பொருளாளர். இப்ப பதவி எதுவும் இல்ல, ஆனாலும் லிஃப்ட்ல, கோயில்ல, கல்யாண வீட்ல பார்க்குறவங்க இன்னும் இதே கேள்விகள கேக்குறாங்க. நோட்டீஸ் எல்லாம் மலாய்லயும் இங்கிலீஷ்லயும் வருது, நம்ம வயசானவங்க பாதி பேரு அத மேசை டிராயர்ல போட்டுட்டு விட்டுடுறாங்க. அதனாலதான் எனக்குத் தெரிஞ்சத தமிழ்ல எழுதி வைக்கிறேன்.

ஜேஎம்பி, எம்சி, கமிட்டி, மேனேஜ்மண்ட் எல்லாம் ஒண்ணுதானே?

இல்ல, இத குழப்பிக்கிட்டா மத்த எதுவும் புரியாது. ஸ்ட்ராட்டான்னா ஒரே கட்டடத்த வீடு வீடா பிரிச்சு தனித்தனி ஓனருக்குக் குடுக்குறது. 2013ஆம் வருச ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம், சட்டம் 757ன்னு சொல்வாங்க, அது கோலாலம்பூர்ல 2015 ஜூன் 1லயும் பினாங்குல ஜூன் 12லயும் அமலுக்கு வந்துச்சு. ஜேஎம்பிங்கறது கூட்டு நிர்வாக அமைப்பு, டெவலப்பரும் வீடு வாங்குன எல்லாரும் சேர்ந்தது. ஸ்ட்ராட்டா டைட்டில், அதாவது அவங்கவங்க வீட்டுக்கான தனிப் பட்டா, வந்து கைமாறுன பிறகு அந்த இடத்துக்கு எம்சி, அதாவது நிர்வாகக் கழகம், வந்துடும். ரெண்டுலயும் நீங்க வீட்டு ஓனரா இருந்தா நீங்களும் ஒரு உறுப்பினர், யாரும் உங்கள சேர்த்துக்கணும்னு இல்ல. கமிட்டிங்கறது ஆண்டுக் கூட்டத்துல நாம தேர்ந்தெடுக்குறவங்க, குறைஞ்சது 3 பேர், கூடிப்போனா 14 பேர். ஏஜண்ட்டுங்கறது, அதாவது புரோப்பர்ட்டி மேனேஜர், அந்த கமிட்டி சம்பளம் குடுத்து வைக்கிற ஆளு. கீழ ஆபிஸ்ல உக்காந்திருக்குற பொண்ணு அந்த ஏஜண்ட்டோட ஆளு. அதனால "மேனேஜ்மண்ட் சரியில்ல"ன்னு சொல்லும்போது யாரு சரியில்லன்னு பிரிச்சு சொல்லுங்க, அப்பதான் யாருகிட்ட போய் கேக்கணும்னு தெரியும்.

எங்களது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு, வாசல்ல ஜாகா (காவலாளி) இருக்காரு, மாசம் காசு கேக்குறாங்க. இதுவும் அதே சட்டமா?

தனித்தனி கிராண்ட் (நிலப் பட்டா) உள்ள சாதாரண தாமான்னா இல்ல. அது குடியிருப்பாளர் சங்கம், 1966 சங்கச் சட்டத்துல பதிவு பண்ணது, அங்க காசு குடுக்குறது விருப்பம்தான், ஸ்ட்ராட்டா மாதிரி சட்டப்படி கட்டியே ஆகணும்னு கிடையாது. ரோடு பொது ரோடு. ஆனா ஒண்ணு, கோத்தா டாமன்சாரால ஒரு தாமான்ல, காசு கட்டாதவங்க பூம் கேட்ட, அதாவது வாசல் தடுப்புக் கம்பிய, தாங்களே தூக்கிட்டு உள்ள போகணும்னு வச்சிருந்தத எதிர்த்து ஒருத்தர் கோர்ட்டுக்குப் போனாரு, 2015ல ஃபெடரல் கோர்ட்டு வரைக்கும் போச்சு, அது அசௌகரியம்தான், வழிய மறிக்கிறது ஆகாதுன்னு தீர்ப்பு வந்துச்சு. கீழ நான் எழுதுறது முழுக்க கொண்டோ, அபார்ட்மண்ட், ஃபிளாட் பத்தி.

எங்க பில்டிங் சின்னது. நாமளே பார்த்துக்கிட்டா ஏஜண்ட் காசு மிச்சம்தானே?

மிச்சம்தான், கொஞ்ச நாளைக்கு. எங்க பில்டிங்ல முதல் மூணு வருசம் அப்படித்தான் ஓடுச்சு. ரிட்டயர் ஆன ஒரு அங்கிள், காலைல தண்ணி டேங்க பார்ப்பாரு, மத்தியானம் கிராணிகிட்ட (ஆபிஸ் குமாஸ்தா) கணக்க பார்ப்பாரு, ராத்திரி ஜாகா தூங்குறானான்னு ஒரு சுத்து சுத்தி வருவாரு, ஒரு வெள்ளி சம்பளம் வாங்கல. அந்த மாதிரி ஆளு அமையுறது பெரிய பாக்கியம், இன்னைக்கும் அவர நெனச்சா எனக்கு கண்ணு கலங்கும். ஆனா அவருக்கு திடீர்னு நெஞ்சு ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரில படுத்த அன்னைக்குத்தான் எங்களுக்குத் தெரிஞ்சது, பம்ப் ரிப்பேர்காரன் நம்பர் அவரு ஃபோன்ல மட்டும்தான் இருக்கு, லிஃப்ட் கம்பெனி அக்ரிமண்ட் அவரு அலமாரில இருக்கு, இன்சூரன்ஸ் எப்ப முடியுதுன்னு அவரு மனசுல இருக்கு. நாலு நாள் 12 மாடிக்கு பக்கெட்ல தண்ணி தூக்குனோம். அவர குறை சொல்ல எனக்கு வாயே வராது, ஒரு முழு பில்டிங்க ஒரு மனுசன் தலைல ஏத்தி வச்ச தப்பு எங்க எல்லாரோடதும்தான்.

வேலை எவ்வளவுன்னு வெளில இருந்து பார்த்தா தெரியாது. லிஃப்டுக்கு ஜேகேகேபி (வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை) சர்டிபிகேட் காலாவதி ஆகாம பார்க்கணும், தீயணைப்பு சாமானெல்லாம் பொம்பா (தீயணைப்புத் துறை) வந்து கேட்டா ரெடியா இருக்கணும், கட்டடத்துக்கு இன்சூரன்ஸ் எடுக்கணும், வருசா வருசம் கணக்க ஆடிட் பண்ணனும், மீட்டிங் மினிட்ஸ் எழுதி நோட்டீஸ் போர்டுல ஒட்டணும், ஜாகா கம்பெனிக்கு உள்துறை அமைச்சு லைசென்ஸ் இருக்கான்னு பார்க்கணும், 2025 பிப்ரவரில குறைஞ்சபட்ச சம்பளம் 1,700 வெள்ளி ஆனதும் ஜாகா கம்பெனியும் கிளீனர் கம்பெனியும் ஏத்தி கேட்டாங்களே, அத உக்காந்து பேசணும். இதெல்லாம் வேலைக்குப் போயிட்டு வந்து ராத்திரி பத்து மணிக்கு பண்ற காரியம் இல்ல.

ஆனா ஏஜண்ட வச்சா எல்லாம் சரியாயிடும்னும் நான் சொல்லல. இத்தனை வருசத்துல நான் கண்டது இதுதான்: தினசரி வேலைக்கு சம்பளம் குடுத்து ஆள் வைங்க, பணப்பையும் பேப்பரும் மட்டும் ஓனருங்க கைய விட்டு போகக்கூடாது. 30, 40 வீடு உள்ள வாக்-அப் ஃபிளாட், லிஃப்ட் இல்ல, நீச்சல் குளம் இல்லன்னா ஒரு நல்ல கிராணியும் பொறுப்பான கமிட்டியும் போதும். லிஃப்ட் வந்துட்டாலே ஆள் வைக்கிறது நல்லதுன்னு நான் சொல்வேன்.

மெயின்டெனன்ஸ் பாக்கிய வசூல் பண்றதுல யாரு கெட்டிக்காரங்க?

ஏஜண்ட்தான், சந்தேகமே வேணாம். காரணம் சாமர்த்தியம் இல்ல, தூரம். தீபாவளிக்கு முறுக்கு தட்டு குடுத்தனுப்புன அக்கா வீட்டு கதவ தட்டி "எட்டு மாச பாக்கி இருக்கு"ன்னு எப்படி கேப்பீங்க? நான் கேட்டேன், அதுக்கப்புறம் ரெண்டு வருசம் அவங்க என்கூட பேசல, அவங்க பொண்ணு கல்யாணத்துக்கு அழைக்கவும் இல்ல. அவங்க கஷ்டமும் எனக்குத் தெரியும், வீட்டுக்காரருக்கு வேலை போயிருந்த நேரம் அது. வெளி ஆளு வந்து கேட்டா அது கணக்கு, நாம கேட்டா அது மானப்பிரச்சனை ஆயிடுது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 200 வீடு, சராசரியா வீட்டுக்கு மாசம் 200 வெள்ளின்னா 40,000 வரணும். நாலுல ஒரு வீடு கட்டலன்னா 10,000 குறையுது, வருசத்துக்கு 120,000. அந்தப் பள்ளத்துல முதல்ல விழறது லிஃப்ட் சர்வீஸ், அடுத்தது ஜாகா எண்ணிக்கை. ஒழுங்கா கட்டுற 150 வீடுதான் அந்த இருட்டு மாடிப்படில ஏறி இறங்குது.

சட்டம் நல்ல பலமாவே இருக்கு. பில் வந்து 14 நாளைக்குள்ள கட்டணும், தாமதமானா வருசத்துக்கு 10 விழுக்காடு வரை வட்டி போடலாம். அப்பவும் கட்டலன்னா போராங் (படிவம்) 11ல கோரிக்கை நோட்டீஸ், அதுலயும் குறைஞ்சது 14 நாள் டைம் தரணும். அதுக்கும் மசியலன்னா ஸ்ட்ராட்டா நிர்வாகத் தீர்ப்பாயம், அங்க 250,000 வெள்ளி வரைக்கும் உள்ள வழக்க எடுத்துப்பாங்க, பொதுவா வக்கீல் இல்லாம நாமளே பேசலாம். இல்லன்னா சிஓபிகிட்ட, அதாவது கட்டட ஆணையர்கிட்ட, வாரண்ட் வாங்கி வீட்ல உள்ள அசையும் பொருள ஜப்தி பண்ற வழியும் இருக்கு. இவ்வளவும் எங்க கமிட்டிக்கு கைல இருந்துச்சு, ஆனா பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு போராங் 11 அனுப்ப யாருக்கும் கை வரல. ஏஜண்ட் வந்த ரெண்டாவது மாசமே அனுப்பிட்டாரு, பாதிப் பேரு தவணைல கட்ட ஒத்துக்கிட்டு வந்தாங்க. கஷ்டப்படுறவங்களுக்கு தவணை குடுங்க, அத எழுத்துல வைங்க, இத மட்டும் ஏஜண்ட் தலைல கட்டாம கமிட்டி உக்காந்து மனுசத்தன்மையோட முடிவு பண்ணனும்.

ஏஜண்ட்னு சொல்லிக்கிட்டு யாரு வேணும்னாலும் வரலாமா?

வரக்கூடாது. 1981ஆம் வருசத்துச் சட்டம் 242, அதுக்குக் கீழ உள்ள வாரியத்துல பதிவு பண்ணவங்கதான் புரோப்பர்ட்டி மேனேஜர். வாரியத்துக்கு மலாய்ல எல்பிபிஇஎச்னு சுருக்கமா சொல்வாங்க, அவங்க பட்டியல்ல பேர தேடிப் பாருங்க. அதோட சிஓபிகிட்ட பாண்ட், அதாவது உத்தரவாதப் பத்திரம், கட்டியிருக்கணும், அந்தப் பேப்பர காட்டச் சொல்லுங்க, வெக்கப்பட வேணாம். இண்டர்வியூ எடுக்கும்போது நான் கேக்குற முக்கியமான கேள்வி ஒண்ணு இருக்கு: பேச வந்திருக்குற கோட்டு போட்ட பாஸ் இல்ல, தினமும் கீழ ஆபிஸ்ல உக்காரப் போறது யாரு, அவரு இன்னும் எத்தனை பில்டிங் பார்க்குறாரு? ஒரே ஆளு அஞ்சு பில்டிங் பார்த்தா உங்களுக்கு வாரத்துல ஒரு நாள்தான் கிடைப்பாரு. எங்களுக்கு அப்ப மூணு கொட்டேஷன் வந்துச்சு, மாசம் 3,500லேந்து 6,000 வெள்ளி வரைக்கும், ரொம்ப மலிவா இருந்தத எடுத்தோம், அதோட பலனத்தான் அடுத்த பதில்ல சொல்றேன்.

ஏஜண்ட வச்சாச்சுல்ல, இனி கமிட்டிக்கு என்ன வேலை?

இனிமேதான் வேலையே. எங்க முதல் ஏஜண்ட், பேரு வேணாம், முதல் ஆறு மாசம் தங்கமா இருந்தாங்க. அப்புறம் எந்த ரிப்பேருக்கும் மூணு கொட்டேஷன் ஒழுங்கா வரும், ஆனா வேலை ஒரே ஆளுக்குத்தான் போகும். ஒரு நாள் நான் மூணு பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தேன், மூணு வெவ்வேற கம்பெனி, மூணுலயும் ஒரே வார்த்தைல ஒரே எழுத்துப்பிழை. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. கோபத்தவிட வெக்கம்தான் அதிகம், ஏன்னா அந்த பேமண்ட் எல்லாத்துலயும் என் கையெழுத்து இருக்கு, படிக்காம போட்டுக் குடுத்திருக்கேன்.

அதுக்கப்புறம் நாங்க மாத்துனது சிலது. பேங்க் கணக்கு ஜேஎம்பி பேர்லதான் இருக்கும், பணத்த அனுமதிக்கிறது கமிட்டி ஆளுங்க ரெண்டு பேரு, ஏஜண்ட் தயார் மட்டும்தான் பண்ணலாம். பேங்க் ஸ்டேட்மண்ட் மாசா மாசம் நேரா பொருளாளருக்கு வரணும், ஏஜண்ட் டைப் பண்ணிக் குடுக்குற அறிக்கை அதுக்கு ஈடு ஆகாது. பெரிய வேலைக்கு மூணு கொட்டேஷன்ல ஒண்ணாவது கமிட்டி ஆளு தானா தேடிக் கொண்டு வந்ததா இருக்கணும். ஜேஎம்பி இமெயில் ஜேஎம்பிக்குச் சொந்தம். இது நாலும் போட்ட முதல் வருசமே ரிப்பேர் செலவு கண்ணுக்குத் தெரியுற மாதிரி இறங்குச்சு.

அதுக்காக ஏஜண்ட் ஆபிஸ்ல போய் தினமும் உக்காந்துக்கிட்டு கிராணிய விரட்டுற கமிட்டி ஆளுங்களும் இருக்காங்க, அது ரொம்ப தப்பு. நல்ல மேனேஜர் ஒருத்தரு எங்ககிட்ட ஒரு வருசத்துல ஓடிப்போனதுக்கு அதுதான் காரணம், 14 பேரும் 14 உத்தரவு போட்டா எந்த மனுசன் நிப்பாரு. ஏஜண்டுகிட்ட பேசறது ஒரே ஆளா இருக்கட்டும், செயலாளரோ தலைவரோ.

கமிட்டில நிக்க ஆசைதான், ஆனா இங்கிலீஷ் அவ்வளவா வராது, சட்டமும் தெரியாது.

நில்லுங்க. எங்க கமிட்டில கணக்க நல்லா பார்த்தது பள்ளிக்கூட கேண்டின் நடத்துன ஒரு அக்கா, சில்லறை எண்ணி எண்ணிப் பழகுன கை, பில்லுல ஒரு சென் வித்தியாசம் இருந்தாலும் விட மாட்டாங்க. நம்ம ஆளுங்க கூட்டத்துல பின்னாடி உக்காந்து முணுமுணுத்துட்டு வந்துடுறோம், முன்னாடி போய் பேர் குடுக்குறது இல்ல, எனக்கு இதுல ரொம்ப வருத்தம் உண்டு. மலாய்ல பேசுங்க, எல்லாருக்கும் புரியும். தலைவர், செயலாளர், பொருளாளர் பதவில தொடர்ந்து ரெண்டு தவணைக்கு மேல இருக்க முடியாது, அதனால ஆயுசு முழுக்க மாட்டிக்குவோம்னு பயமும் வேணாம்.

ஆண்டுக் கூட்டத்துக்குப் போகலன்னா என்ன ஆயிடப் போகுது?

நீங்க இல்லாமலே முடிவாயிடும். பாதிப் பேரு வரணும்னு கணக்கு, ஆனா அரை மணி நேரம் காத்திருந்தும் வரலன்னா வந்தவங்களே போதும்னு கூட்டம் நடக்கும். 300 வீட்டுக்கு 25 பேரு உக்காந்து மெயின்டெனன்ஸ் ஏத்துன கூட்டத்த நான் பார்த்திருக்கேன். பாக்கி உள்ளவங்க கூட்டத்துக்கு 7 நாளைக்கு முன்னாடியே கட்டிடணும், இல்லன்னா ஓட்டு கிடையாது. வர முடியலன்னா பிராக்சி குடுங்க, அதாவது உங்களுக்குப் பதிலா ஓட்டுப் போட ஒரு ஆள எழுத்துல நியமிங்க, ஒரு ஆளு ஒரு ஓனருக்கு மட்டும்தான் பிராக்சியா இருக்கலாம், 20 பேப்பர கைல வச்சுக்கிட்டு ஒருத்தரு வந்தா எழுந்திரிச்சு கேளுங்க.

சிங்கிங் ஃபண்ட், அதான் பெரிய ரிப்பேருக்குன்னு சேர்த்து வைக்கிற பணம், எதுக்கு? லிஃப்ட் ஓடுது, பெயிண்ட் நல்லா இருக்கு, அத நிறுத்துனா மாசம் கொஞ்சம் குறையுமே?

குறைக்கவே முடியாது, மெயின்டெனன்ஸ் தொகைல 10 விழுக்காட்டுக்குச் சமமான பணம் தனிக் கணக்குல போகணும்னு சட்டம். ஆனா சட்டத்த விடுங்க, ஒரு விசயம் சொல்றேன். அமெரிக்கால ஃபுளோரிடா மாநிலம், சர்ஃப்சைட்னு ஒரு ஊரு, சாம்ப்ளேன் டவர்ஸ் சவுத்னு 12 மாடி கொண்டோ, 1981ல கட்டினது. 2018லயே எஞ்சினியர் ஒருத்தர் கீழ கான்கிரீட் சேதமாயிருக்குன்னு அறிக்கை குடுத்துட்டாரு. நம்ம கமிட்டி மாதிரியேதான் அங்கயும், ஓனருங்களே ஓட்டுப் போட்டு தேர்ந்தெடுத்த ஆளுங்க. ரிப்பேர் செலவு ஒரு கோடியே ஐம்பது லட்சம் டாலர்னு போச்சு, கைல சேர்த்து வச்ச பணம் பத்தல, யாரு எவ்வளவு கட்டுறதுன்னு சண்டை, 2019ல கமிட்டில பல பேரு வேணாம்னு விட்டுட்டுப் போயிட்டாங்க, 2021 ஏப்ரல்லதான் ஓனருங்ககிட்ட வசூல் பண்ண முடிவாச்சு. ஜூன் 24 ராத்திரி கட்டடத்துல ஒரு பெரும் பகுதி இடிஞ்சு விழுந்து 98 பேரு இறந்தாங்க. ஃபுளோரிடால கொண்டோ மேனேஜருக்கு லைசென்ஸ் வேணும்னு அதுக்கு முன்னாலயே சட்டம் இருந்துச்சு. இடிஞ்சதுக்கு காரணம் கட்டுன விதத்துலயும் டிசைன்லயும் இருக்கு, அந்த கமிட்டி மேல முழுசா பழி போட நான் தயார் இல்ல. ஆனா தேதிகள வரிசையா வச்சுப் படிக்கும்போது, பக்கத்து வீட்டுக்காரங்கள காசு கட்டச் சொல்லி சம்மதிக்க வைக்க முடியாம போராடுன ஆளுங்க முகம் எனக்குத் தெரியுது, ஏன்னா எங்க கூட்டத்துல பெயிண்டுக்கே ரெண்டு வருசம் சண்டை போட்டோம். அடுத்த வருசமே அங்க பழைய கட்டடத்துக்கு கட்டாயப் பரிசோதனை, கட்டாய சேமிப்புன்னு சட்டம் வந்துச்சு.

அதனால சிங்கிங் ஃபண்ட்லேந்து ஜாகா சம்பளம் குடுக்கலாம்னு யாராவது சொன்னா, அது கமிட்டியா இருந்தாலும் ஏஜண்டா இருந்தாலும், விடாதீங்க.

மேல் வீட்லேந்து தண்ணி ஒழுகுது, ஆபிஸ்ல "அது உங்க ரெண்டு பேரு பிரச்சனை"ங்கறாங்க.

தப்பு. எழுத்துல புகார் குடுத்த 7 நாளைக்குள்ள அவங்க வந்து பார்க்கணும், பார்த்துட்டு யாரு பொறுப்புன்னு போராங் 28 குடுக்கணும். வாட்சப்ல சொன்னதோட நிறுத்தாதீங்க, கடிதம் குடுத்து காப்பில சாப் (முத்திரை) வாங்குங்க.

கமிட்டியும் சரியில்ல, ஏஜண்டும் சரியில்ல. யாருகிட்ட போறது?

சிஓபி, கட்டட ஆணையர். இவங்க அந்தந்த ஊரு மாநகராட்சில இருப்பாங்க. கோலாலம்பூர்னா டிபிகேஎல்ல இருக்கு. பினாங்குத் தீவுன்னா எம்பிபிபி, பட்டர்வொர்த், புக்கிட் மெர்த்தாஜாம் பக்கம்னா எம்பிஎஸ்பி. கமிட்டியே அமையாம போன பில்டிங்குக்கு சிஓபியே ஏஜண்ட போட முடியும். பட்டர்வொர்த்ல என் சித்தி மகன் இருக்குற ஃபிளாட்ல அப்படி ஒரு நிலைமை, அவன் தனியா போனப்ப ஒண்ணும் நகரல, பத்து வீட்டுக் கையெழுத்தோட போனதும் கூப்பிட்டுப் பேசுனாங்க.

ஏஜண்ட மாத்தணும்னு முடிவாச்சு. எப்படி சண்டை இல்லாம மாத்துறது?

அக்ரிமண்ட்ல எத்தனை மாச நோட்டீஸ்னு முதல்ல பாருங்க. நோட்டீஸ் குடுக்குறதுக்கு முன்னாடியே, கவனிங்க, முன்னாடியே, ஓனருங்க பாக்கிக் கணக்கு முழுசையும் ஒரு காப்பி எடுத்து வச்சுக்குங்க. எங்க முதல் ஏஜண்ட் போனப்ப வீடு வீடா யாரு எவ்வளவு பாக்கின்னு இருந்த லெட்ஜரே வரல, ஓனருங்க வச்சிருந்த ரசீத வாங்கி ஒண்ணொண்ணா திரும்ப எழுத அஞ்சு மாசம் ஆச்சு, ரசீத தூக்கி எறிஞ்சவங்க கணக்குல நாங்களே நஷ்டப்பட்டோம். ஆடிட் அறிக்கை, இன்சூரன்ஸ் பாலிசி, லிஃப்ட் பேப்பர், கட்டட பிளான், டெபாசிட் ரசீது, சிசிடிவி பாஸ்வேர்ட், கேட் கார்டு சிஸ்டம் பாஸ்வேர்ட் எல்லாத்தையும் பட்டியல் போட்டு ரெண்டு பக்கமும் கையெழுத்து வாங்குங்க. புது ஏஜண்டும் பழைய ஏஜண்டும் ஒரு வாரமாவது ஒண்ணா இருக்குற மாதிரி தேதி வைங்க. கடைசி நாள் கமிட்டில ரெண்டு பேரு லீவு போட்டுட்டு நேர்ல நில்லுங்க, சாவிக் கொத்த வாங்கி ஒவ்வொரு சாவியையும் அந்தந்த கதவுல போட்டுத் திறந்து பாருங்க, பம்ப் ரூம், மின்சார ரூம், மொட்டை மாடி தண்ணி டேங்க் வரைக்கும்.